பிலேமோனை வைத்துப் பழகுங்கள்: பின்னணியோடும் கிரேக்கச் சொல்லோடும் வேதம் படிக்க ஒரு வழிகாட்டி

"மூலமொழியில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" பிரசங்கத்தில் இந்தக் கேள்வி வந்தாலே சபை நிமிர்ந்து உட்காரும். அடுத்து வருகிற விளக்கம் சரியா தவறா என்று பார்க்கக் கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. அதைச் சரிபார்க்கிற அளவுக்காவது உங்களைக் கொண்டுபோய் விடுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். கிரேக்கப் பண்டிதர் ஆக வேண்டியதில்லை.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் யாரும் காணாத ரகசிய அர்த்தத்தைத் திறந்து காட்டுவது அபூர்வம். தவறான அர்த்தங்களைக் கழித்துக்கட்டுவதில்தான் அதன் பலன் அதிகம். அதனால் இங்கே அகராதி கடைசியில்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் பாதிக்கு மேல்.

பழகுவதற்குப் பிலேமோன் நிருபத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே அதிகாரம், 25 வசனம். பவுல் எழுதியவற்றில் மிகச் சிறியது, பயிற்சிக்கு மிக நல்லது.

படி 1: உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசியுங்கள்

ஐந்து நிமிடம்கூட ஆகாது. மூன்று முறை வாசியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும், விளக்கவுரை எதுவும் வேண்டாம். முதல் முறை கதை யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று பாருங்கள்: சிறையில் இருக்கும் பவுல், வீட்டுக்காரர் பிலேமோன், அவருடைய அடிமை ஒநேசிமு. இரண்டாம் முறை, திரும்பத் திரும்ப வருகிற சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். "உள்ளம்", "இளைப்பாறு", "பிரயோஜனம்", "ஏற்றுக்கொள்" ஆகியவை தானாகவே கண்ணில் படும்.

மூன்றாம் முறை, நிருபம் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். ஒநேசிமு திருடிவிட்டு ஓடிப்போன அடிமை என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்? "ஓடிப்போனான்" என்று நிருபத்தில் எங்கும் இல்லை. "பிரிந்துபோனான்" என்றுதான் 15ஆம் வசனம் சொல்கிறது. திருடினான் என்றும் இல்லை. 18ஆம் வசனத்தில் அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் "உண்டானால்" என்று இருக்கிறது. ஓடிப்போன கதை மிகப் பழைய ஊகம். 4ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோமே அப்படித்தான் வாசித்தார். ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனால் வசனம் எது, வசனத்தின்மேல் ஏறிய கதை எது என்று தனித்தனிப் பத்தியில் எழுதிவைக்கப் பழகாவிட்டால், பின்னால் வரும் எந்தப் படியும் உதவாது.

படி 2: இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வையுங்கள்

பழைய மொழிபெயர்ப்பும், புதியவற்றில் ஒன்றான திருவிவிலியமும் போதும். வார்த்தை நடை வேறுபடுவதைப் பெரிதாக எடுக்காதீர்கள். பொருளே வேறுபடும் இடங்களை மட்டும் குறியுங்கள். பிலேமோனில் அப்படி இரண்டு இடங்கள் உடனே தெரியும்.

2ஆம் வசனத்தில் பழையதில் "பிரியமுள்ள அப்பியாள்"; புதிய மொழிபெயர்ப்புகளில் அவர் "சகோதரி". 12ஆம் வசனத்தில் பழையதில் "அவனை நீர் ஏற்றுக்கொள்ளும்" என்று ஒரு வேண்டுகோள் இருக்கிறது; புதியவற்றில் அது அங்கே இல்லை, 17இல்தான் முதன்முதலாக வருகிறது. மொழிபெயர்ப்பாளர் யாரும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. கையில் இருந்த கிரேக்க மூலமே வேறு. 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு, அவருக்குக் கிடைத்த சில பிற்காலக் கைப்பிரதிகளை வைத்துத் தொகுத்தது. பழைய மொழிபெயர்ப்புகள் பல அந்த வழியில் வந்தவை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் பிரதி போன்ற பழைய கைப்பிரதிகள் 19ஆம் நூற்றாண்டில்தான் அறிஞர்கள் கைக்கு முழுமையாக எட்டின. இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலண்ட் பதிப்பு (28ஆம் பதிப்பு 2012இல் வந்தது) அவற்றையெல்லாம் ஒப்பிட்டுத் தொகுக்கப்பட்டது.

இங்கே பயப்பட ஒன்றுமில்லை. பவுலின் வாதம் இரண்டு பாடத்திலும் அப்படியே நிற்கிறது, வேண்டுகோளுக்குக் கதவு திறக்கிற நேரம் மட்டும் மாறுகிறது. பாடபேதம், அதாவது கைப்பிரதிகளுக்கிடையே சொல் வேறுபாடு, இருக்கும் இடத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரிய உபதேசம் கட்டக்கூடாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

படி 3: தமிழ் ஏற்கெனவே சொல்வதைக் கேளுங்கள்

இந்தப் படியை வழக்கமான வழிகாட்டிகளில் பார்க்கமாட்டீர்கள், ஏனென்றால் பெரும்பாலானவை ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டவை. கிரேக்கத்தில் ஒருமைக்கு ஒரு முன்னிலைச் சொல், பன்மைக்கு வேறொன்று. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. தமிழில் அது பத்திரமாக இருக்கிறது.

பிலேமோனில் வாழ்த்தை முடித்த பிறகு 4 முதல் 22இன் முதல் பாதி வரை கிட்டத்தட்ட முழுக்க "நீர், உம்மை, உமக்கு" (பழைய மொழிபெயர்ப்பின் 6ஆம் வசனத்தில் வரும் "உங்களிலுள்ள" மட்டும் விலக்கு, அதுவும் ஒரு பாடபேதம்). திடீரென்று 22இன் பின்பாதியில் "உங்கள் விண்ணப்பங்களினாலே" என்று பன்மைக்கு மாறுகிறது. கடைசி ஆசீர்வாதமும் பன்மை. அதாவது பேச்சு பிலேமோனோடு, கேட்பது வீட்டில் கூடுகிற சபை முழுவதும். 2ஆம் வசனத்தில் அப்பியாள், அர்க்கிப்பு, வீட்டுச் சபை எல்லாரும் பெறுநர் பட்டியலில் இருப்பதன் அர்த்தம் இப்போது புரியும். ஒநேசிமுவை என்ன செய்யப் போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பிலேமோன் முடிவெடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கிரேக்க எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை.

இதேபோல லூக்கா 22:31-32. சாத்தான் "உங்களை"ப் புடைக்கக் கேட்டான், நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன். சோதனை பன்னிருவருக்கும், ஜெபம் பேதுருவுக்கு. தமிழில் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கிரேக்கத்தில் இல்லாத சில வேறுபாடுகளைத் தமிழ் கட்டாயமாகக் கேட்கும். "நாம்" என்பதா "நாங்கள்" என்பதா? கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். புயலில் சீஷர்கள் இயேசுவை எழுப்பிக் கேட்கும் மாற்கு 4:38இல் பழைய மொழிபெயர்ப்பு "நாங்கள் மடிந்துபோகிறது" என்கிறது. அவரும் அதே படகில்தானே இருக்கிறார், "நாம்" என்று ஏன் சொல்லவில்லை? அது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. கிரேக்கம் அதைத் திறந்தே விட்டிருக்கிறது. "அவர்", "அவன்" என்ற மரியாதை வேறுபாடும் அப்படித்தான். பிலேமோனுக்கு "நீர்", ஒநேசிமுவுக்கு "அவன்" என்பது தமிழ் போட்ட படிநிலை. பவுலின் கிரேக்கத்தில் எஜமானுக்கும் அடிமைக்கும் மரியாதையில் அப்படி ஒரு இலக்கண வேறுபாடு கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்து நிருபத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

படி 4: பின்னணி, உள்ளிருந்து வெளியே

முதலில் வேதத்துக்குள்ளேயே தேடுங்கள். கொலோசெயர் 4:9 ஒநேசிமுவை "உங்களிலொருவன்" என்கிறது. அர்க்கிப்பு 4:17இல் வருகிறார். பிலேமோன் 23, 24இல் வாழ்த்துச் சொல்லும் எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா ஐந்து பேரும் கொலோசெயர் கடைசி அதிகாரத்தில் இருக்கிறார்கள். ஆகவே இந்த வீடு கொலோசெ ஊரில், இன்றைய துருக்கியின் லைகஸ் பள்ளத்தாக்கில் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து எழுதினார்? மரபு ரோம் என்கிறது. அப்படியானால் காலம் சுமார் கி.பி. 60-62. எபேசு என்பவர்களும் உண்டு. அப்படியானால் 50களின் நடுப்பகுதி. ரோமிலிருந்து கொலோசெக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், கடலும் கடக்க வேண்டும். எபேசு அதே மாகாணத்தில், நடந்தே போகிற தூரம். 22ஆம் வசனத்தில் "எனக்கு ஒரு இடத்தை ஆயத்தம்பண்ணும்" என்று பவுல் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு எபேசுவின் பக்கம்தான் சாய்வு. நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

அடுத்து வெளி ஆதாரங்கள். ரோமச் சட்டத்தில் அடிமை ஒரு உடைமை. ஓடிப்போன அடிமைக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். அதே சட்ட மரபில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: எஜமானின் கோபத்துக்குப் பயந்து, அவருடைய நண்பரிடம் பரிந்துபேசச் சொல்லிப் போகிற அடிமையை "ஓடிப்போனவன்" என்று கணக்கிடக்கூடாது என்று சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒநேசிமு அந்த வகையா? நிருபத்தின் மௌனத்துக்கு அது பொருந்துகிறது.

என் கணக்கில் மிகச் சிறந்த பின்னணி ஆதாரம் ரோம எழுத்தாளர் இளைய பிளினியின் ஒரு கடிதம் (9ஆம் புத்தகம், 21ஆம் கடிதம்). பவுலுக்குச் சில பத்தாண்டுகள் பின்னால், சபினியானஸ் என்ற நண்பருக்கு, அவருடைய கோபத்துக்கு ஆளான ஒரு விடுதலைபெற்ற அடிமைக்காகப் பரிந்து எழுதுகிறார். இணையத்தில் மொழிபெயர்ப்பு கிடைக்கும். இரண்டையும் அருகில் வைத்து வாசித்தால், வித்தியாசம்தான் பேசும். பிளினி சொல்வது: அவன் என் காலில் விழுந்தான், அழுதான், உண்மையாகவே வருந்துகிறான், நானும் நன்றாகத் திட்டிவிட்டேன், மன்னித்துவிடு. பவுலின் நிருபத்தில் ஒநேசிமு வருந்தினான் என்று ஒரு வரிகூட இல்லை. கண்ணீர் இல்லை, திட்டும் இல்லை. அதற்குப் பதில் "என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனையும் ஏற்றுக்கொள்ளும்". பரிந்துபேசும் கடிதம் என்ற வழக்கமான வடிவத்தை எடுத்து, அதன் மையத்தில் இருக்க வேண்டிய மன்னிப்புக் கோரலை எடுத்துவிட்டு, அங்கே தன்னையே வைக்கிறார் பவுல். பின்னணி படிப்பதன் முழுப் பயனும் இதுதான்: அந்தக் காலத்தில் எது சாதாரணம் என்று தெரிந்தால்தான் எது அசாதாரணம் என்று தெரியும்.

பின்னணியில் ஒரு போதையும் உண்டு. சுவாரசியமான தகவல் கிடைத்தவுடன் வசனத்தை அதற்குள் திணிக்கத் தோன்றும். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னேஷியஸ் எபேசு சபைக்கு எழுதும்போது அதன் கண்காணி (பிஷப்) ஒநேசிமு என்கிறார். அதே ஆளா? பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, அடிமைகளிடையே சாதாரணமாக இருந்த பெயர் அது. பிரசங்கத்தின் முடிவுக்கு அழகாக இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது.

படி 5: எழுத்தும் கருவியும்

கிரேக்க எழுத்துகள் 24. ஒரு வாரம் தினமும் எழுதிப் பார்த்தால் வாசிக்க வந்துவிடும். வேற்றுமை உருபு தெரிந்த தமிழருக்குக் கிரேக்க இலக்கணம் ஆங்கிலேயருக்கு இருப்பதுபோல் அந்நியமாக இருக்காது. யார், யாரை, யாருக்கு, யாருடைய என்பதைச் சொல்லின் முடிவே காட்டுகிறது. சொற்களின் வரிசை மாறினாலும் பொருள் மாறாது.

கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பைபிள் ஹப், ஸ்டெப் பைபிள், புளூ லெட்டர் பைபிள் மூன்றிலும் வசனத்தைத் தொட்டால் கிரேக்கச் சொல், அதன் ஸ்ட்ராங் எண், அது வரும் மற்ற வசனங்கள் எல்லாம் வரும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவின், அதாவது எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்ற பட்டியலின், எண்கள் அவை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு விளக்கத்தை அகராதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சொல் எப்படியெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டது என்பதன் பட்டியல்தான் அதில் பெரும்பகுதி. பட்டியலில் இருப்பதில் பிடித்ததை எடுத்து வசனத்தில் வைப்பது சொல்லாய்வு ஆகாது.

தேயர் என்பவரின் கிரேக்க அகராதியும் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அது 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேடுகளில் கிரென்ஃபெல், ஹன்ட் இருவரும் 1896-97இல் தோண்டத் தொடங்கிய பிறகுதான், சாதாரண மக்களின் ரசீதுகள், கடன்பத்திரங்கள், வீட்டுக் கடிதங்கள் என்று பாப்பிரஸ் (அக்கால நாணல் தாள்) குவியல் குவியலாக வந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் கடைத்தெருவில் புழங்கிய கிரேக்கம்தான் என்று அதன் பிறகுதான் உறுதியானது. வாங்க முடிந்தால், அல்லது நூலகத்தில் கிடைத்தால், பாவர்-டாங்கர் அகராதியைப் பாருங்கள்.

படி 6: சொல்லைத் தொடுங்கள், ஆனால் ஒன்றிரண்டை மட்டும்

25 வசனத்தில் ஒவ்வொரு சொல்லையும் ஆராயத் தேவையில்லை. வாதத்தைத் தூக்கி நிறுத்துகிற சொல் எது என்று படி 1இல் போட்ட அடிக்கோடுகளைக் கேளுங்கள். "உள்ளம்" மூன்று முறை வருகிறது: 7, 12, 20.

கிரேக்கத்தில் அது ஸ்ப்ளாங்க்னா, ஸ்ட்ராங் எண் 4698. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 11 முறை. அதில் மூன்று இந்தச் சின்ன நிருபத்தில். எல்லா இடங்களையும் எடுத்துப் பாருங்கள், 11தானே. அப்போஸ்தலர் 1:18இல் யூதாசின் வயிறு வெடித்து வெளியே சரிவது இதே சொல்தான்: குடல். மற்ற இடங்களில் உருக்கம், இரக்கம், அன்பு. உள்ளுறுப்பே உணர்ச்சியின் இருப்பிடம் என்ற எண்ணம் நமக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. "ஈரக்குலை நடுங்குகிறது" என்று சொல்கிற மொழி நம்முடையது. இதன் வினைச்சொல்தான் இயேசு ஜனங்களைக் கண்டு "மனதுருகி" என்று சுவிசேஷங்களில் வருவது.

இப்போது மூன்று வசனத்தையும் வரிசையாக வையுங்கள். 7: பரிசுத்தவான்களின் உள்ளங்கள் உம்மாலே இளைப்பாறின. 12: ஒநேசிமு என் உள்ளம். 20: என் உள்ளத்தை இளைப்பாறப்பண்ணும். மற்றவர்களுக்குச் செய்ததை எனக்கும் செய்யும் என்று 20 கேட்கிறது. அந்த "என் உள்ளம்" யார் என்பதை 12 ஏற்கெனவே சொல்லியாயிற்று. பிலேமோனுக்குத் தப்ப வழியே இல்லை. சொல்லின் வேர் தந்த கண்டுபிடிப்பு அல்ல இது. ஒரே சொல் ஒரே நிருபத்தில் எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது தந்தது.

இரண்டாவதாகக் கொய்னோனியா. 6ஆம் வசனத்தில் "உமது விசுவாசத்தின் அந்நியோந்நியம்". இதைச் சிலர் சுவிசேஷத்தை மற்றவர்களோடு பகிர்வது என்று எடுத்துப் பிரசங்கிக்கிறார்கள். இலக்கணம் மட்டும் பார்த்தால் அப்படியும் வாசிக்கலாம், "உடைய" என்ற உருபு பல உறவுகளுக்கு இடம் கொடுக்கும். ஆனால் 17இல் அதன் உறவுச்சொல் கொய்னோனோஸ் வருகிறது: நீர் என்னை உம்மோடு ஐக்கியமானவன், அதாவது பங்காளி, என்று எண்ணினால். உடனே 18இல் "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்", 19இல் "என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்". பங்கு, கணக்கு, கையெழுத்து, செலுத்துதல் எல்லாம் பாப்பிரஸ் ஒப்பந்தங்களில் புழங்கும் பேச்சு. பவுல் சிறையில் உட்கார்ந்து கடன்பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார். 6ஆம் வசனத்தையும் இந்த வெளிச்சத்தில் வாசித்தால், விசுவாசத்தால் உண்டான பங்காளித்தனம் இப்போது செயலில் தெரியட்டும் என்ற பொருள்தான் நிருபத்தோடு ஒட்டுகிறது.

சொல் விளையாட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒநேசிமு என்றால் பிரயோஜனமுள்ளவன். 11ஆம் வசனத்தின் "பிரயோஜனமில்லாதவன், பிரயோஜனமுள்ளவன்" வேறு இரண்டு சொற்கள், ஆனால் பெயரைச் சீண்டுகின்றன. 20இல் "பிரயோஜனமுண்டாகட்டும்" என்ற வினை பெயரோடு வேர் உறவே உள்ளது. கடைசி வேண்டுகோளில்கூடப் பவுல் சிரித்துக்கொண்டே எழுதுகிறார் என்று தோன்றும்.

படி 7: வழியில் உள்ள குழிகள்

நான் அடிக்கடி கேட்பது லோகோஸ், ரேமா பிரிவினை. இரண்டும் "வார்த்தை" என்பதற்கான கிரேக்கச் சொற்கள். லோகோஸ் என்பது எழுதப்பட்ட வசனம், ரேமா என்பது அந்தந்த நேரத்தில் தேவன் தனிப்பட்ட முறையில் பேசும் வார்த்தை என்று சொல்வார்கள். சோதித்துப் பார்க்க 1 பேதுரு 1:23-25 போதும். 23இல் நீங்கள் மறுபடியும் ஜெநிப்பிக்கப்பட்டது தேவவசனத்தினாலே: லோகோஸ். 25இல் ஏசாயாவை மேற்கோள் காட்டி, "உங்களுக்குச் சுவிசேஷமாய் அறிவிக்கப்பட்டுவருகிற வசனம் இதுவே": ரேமா. மூன்று வசனத்துக்குள் ஒரே விஷயத்துக்கு இரண்டு சொல்லும். தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் "வசனம்" என்று போட்டது சரியான தீர்மானம். தேவன் பேசுகிறாரா இல்லையா என்பது வேறு கேள்வி. அந்த உபதேசத்தை இந்த இரண்டு சொல்லின்மேல் கட்ட முடியாது.

அகபே என்றாலே தெய்வீக அன்பு என்பதும் அப்படித்தான். தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போனதற்கும் (2 தீமோத்தேயு 4:10) அதன் வினைச்சொல்தான். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதை யோவான் 3:35இல் அகபாவோ என்றும், 5:20இல் ஃபிலேயோ என்றும் எழுதுகிறார். "சபை" என்று நாம் வாசிக்கிற எக்ளேசியா என்றால் "வெளியே அழைக்கப்பட்டவர்கள்" என்று வேரைப் பிரித்துச் சொல்கிறவர்கள் அப்போஸ்தலர் 19ஐத் திறக்கட்டும். எபேசுவில் எதற்குக் கூடினோம் என்றே தெரியாமல் கூச்சலிட்ட கும்பலும் எக்ளேசியாதான்.

சோதனை எப்போதும் ஒன்றே: நீங்கள் கண்டுபிடித்த அர்த்தத்தை, அதே சொல் வரும் வேறு ஐந்து வசனங்களில் வைத்துப் பாருங்கள். முதலில் அதே நூலாசிரியர், பிறகு மற்றவர்கள். பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படி 8: எழுதி வையுங்கள், பிறகு விளக்கவுரை

ஒரு பக்கம் போதும். நிருபம் என்ன கேட்கிறது என்று இரண்டு வரி. எந்தச் சொல்லில் வாதம் நிற்கிறது. வசனம் சொல்வது ஒரு பத்தியில், ஊகம் இன்னொரு பத்தியில். பவுல் ஒநேசிமுவை விடுதலை செய்யச் சொல்கிறாரா? 16ஆம் வசனம் "அடிமையானவனுக்கு மேலானவன்" என்கிறது, 21 நான் சொன்னதற்கும் அதிகமாய்ச் செய்வீர் என்கிறது. நேரடியாக விடுதலை என்ற சொல் இல்லை. உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுதுங்கள். அதன் பிறகு விளக்கவுரையைத் திறந்தால் அதோடு வாதாட முடியும்; அதற்கு முன் திறந்தால் தலையாட்டத்தான் முடியும்.

அடுத்த பயிற்சிக்குப் பிலிப்பியர் 4:10-20. அதே கொய்னோனியா குடும்பம் அங்கேயும் வரும், கணக்குப் பேச்சும் வரும். 18ஆம் வசனத்தில் "எல்லாம் எனக்குக் கிடைத்தது" என்பதற்கு உள்ள கிரேக்க வினை அபேக்கோ, பாப்பிரஸ் ரசீதுகளில் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதப் பயன்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மத்தேயு 6:2, 5, 16 மூன்றையும் திறந்து, மாயக்காரரின் "பலன்" அங்கே என்ன ஆகிறது என்று பாருங்கள்.